அகதி மாதர்க்குத் தொழில் ஈந்த கமலாதேவி அம்மையார்

பசித்து வந்தவனுக்கு ஒரு வேளை அன்னம் இடுதல் தருமம். அவன் மறுவேளைக்குப் பிறர் வாயிலை நாடாவண்ணம் அவன் கைக்கு ஒரு தொழிலைக் காட்டுதல் அதனினும் பெரிய தருமம். முன்னதற்கு இரக்கம் ஒன்றே போதும். பின்னதற்கோ இரக்கத்தோடு அறிவும், பொறுமையும், கணக்கும், சந்தையின் போக்கை அறியும் திறமும் வேண்டும். ஆதலின் முன்னதைச் செய்வார் பலர். பின்னதைச் செய்வார் சிலர். அச்சிலருள் ஒருவராகிய ஸ்ரீமதி கமலாதேவி சட்டோபாத்யாயரின் சரித்திரத்தை இத்திங்கள் நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் கூற எண்ணினோம்.

அம்மையார் நம் குலத்திற் பிறந்தாரல்லர், தமிழ்நாட்டிற் பிறந்தாருமல்லர். ஆயினும் நூலும் தறியும் ஊசியுமே ஜீவனமாகக் கொண்ட கொங்கு நாட்டு மக்களாகிய நாம் அவரை அறியாதிருத்தல் தகாது. வீடும் நிலமும் இழந்து வந்த மாதர்களைக் கண்டு கண்ணீர் விட்டதோடு நில்லாமல், அவர்களது விரல்களில் இன்னும் இழக்கப்படாதிருந்த கைத்திறனைக் கண்டவர் அவர். அக்காட்சியே அவர் வாழ்வின் சாரம் என்பது எமது துணிபு.

பிறப்பும் அன்னையின் உறுதியும்

அம்மையார் 1903 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3 ஆம் நாள் மங்களூரில் சாரஸ்வதப் பிராமண குலத்தில் அவதரித்தார். தந்தையார் அனந்தய்ய தாரேச்வரர் அரசாங்கத்தில் உயர்ந்த உத்தியோகம் வகித்தவர். தாயார் கிரிஜாபாய் கற்றறிந்தவர். செல்வமும் கல்வியும் நிறைந்த அவ்வில்லத்தில் குழந்தை கமலா கவலையறியாது வளர்ந்து வந்தார்.

அவருக்கு ஏழு வயதாகும்போது தந்தையார் காலஞ்சென்றார். உயில் எழுதிவைக்கப்படவில்லை. அக்காலத்துச் சட்டப்படி சொத்து முழுதும் மூத்த தாரத்துப் புதல்வருக்குச் சென்றது. கிரிஜாபாய்க்கும் அவர் பெண்ணுக்கும் மாதந்தோறும் ஒரு சிறு தொகை ஜீவனாம்சமாக வரும் என்று ஏற்பாடாயிற்று. நேற்றுவரை வீட்டுத் தலைவியாயிருந்தவர் இன்று பிறர் கையை நோக்கி நிற்க வேண்டும். இந்நிலையில் பெரும்பாலார் விதியை நொந்து அத்தொகையைப் பெற்றுக்கொள்வர். கிரிஜாபாயோ அதனை வேண்டாவென மறுத்துவிட்டார். தம் ஸ்ரீதனத்தைக் கொண்டே மகளை வளர்ப்பது என உறுதி பூண்டார்.

இந்நிகழ்ச்சியை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பிறர் அளிக்கும் படிக்காசு வயிற்றை நிரப்பினும் மானத்தைக் குறைக்கும் என்னும் பாடத்தை அம்மையார் நூலிற் கற்கவில்லை; ஏழாம் வயதில் தாயின் முகத்திற் கற்றார். பின்னாளில் பல்லாயிரம் அகதிகளின் முன் நின்றபோது அப்பாடமே அவருக்குத் துணையாயிற்று என்று எண்ணுதல் பிழையாகாது.

கைம்மையும் கல்வியும்

அக்கால வழக்கப்படி 1917 ஆம் ஆண்டில், தம் பதினான்காம் வயதில், கமலாதேவிக்கு விவாகம் நடந்தேறியது. இரண்டாண்டு கழியுமுன் கணவர் இறந்தார். பதினாறு வயதுப் பெண் கைம்பெண்ணானாள். நம் நாட்டில் அந்நாளில் அச்சொல்லுக்கு என்ன பொருள் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அன்னையார் மகளை மூலையில் அமர்த்தவில்லை, படிக்க அனுப்பினார். சென்னையில் இராணி மேரிக் கல்லூரியில் அம்மையார் பயின்றார். அங்கே கவிக்குயில் சரோஜினி தேவியாரின் தங்கை சுஹாசினியின் நட்பும், அவர் வாயிலாகக் கவிஞரும் நாடகக்காரருமாகிய ஹரீந்திரநாத் சட்டோபாத்யாயரின் அறிமுகமும் வாய்த்தன. ஹரீந்திரநாதரை அவர் மணந்தார். கைம்பெண் மறுமணம், அதுவும் வேற்று மாகாணத்தவரோடு என்பது கண்டு வைதிகர் வெகுண்டனர். அம்மையார் அதனைப் பொருட்படுத்தவில்லை. இவ்விவாகமும் பிற்காலத்தில் மனவேற்றுமையால் முறிந்தது. அதனையும் அவர் மறைத்தாரில்லை, மாய்ந்து போனாருமில்லை.

கணவரோடு இங்கிலாந்து சென்று பெட்போர்டு கல்லூரியில் சமூக இயல் கற்றார். 1923 ஆம் ஆண்டில் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கச் செய்தி அவர் செவிக்கு எட்டியது. தாய்நாடு திரும்பிச் சேவாதளத்தில் சேர்ந்தார். 1926 இல் சென்னைச் சட்டசபைத் தேர்தலுக்கு நின்றார். பெண்ணொருத்தி சட்டசபைக்குப் போட்டியிடுவது இந்நாட்டிற் புதுமையாயிருந்த காலம் அது. சில வாக்குகளே குறைந்து தோற்றார் எனினும், மாதர்க்கு அவ்வழி திறந்துவிட்டது. மறு ஆண்டு தோன்றிய அகில இந்திய மாதர் மகாநாட்டின் அமைப்புக் காரியதரிசியாகவும் உழைத்தார்.

1930 இல் உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டபோது, தண்டிக்குச் சென்ற முதற் படையிற் பெண்கள் இடம்பெறவில்லை. அம்மையார் காந்தியடிகளைக் கண்டு மாதர்க்காக வழக்காடினார். பின்னர்ப் பெண்களும் போரிற் குதித்தனர். பம்பாயில் சட்டத்தை மீறி உப்புக் காய்ச்சி விற்றுச் சிறை புகுந்தார் கமலாதேவி. அதன்பின் சிறைவாசம் அவர்க்குப் பழகிய இல்லமாயிற்று.

யுத்த காலத்துச் சீனம்

1939 ஆம் ஆண்டு ஐரோப்பாவில் இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியபோது அம்மையார் அயல்நாட்டுப் பிரயாணத்தில் இருந்தார். அமெரிக்காவிற்கும், பின்னர்க் கீழ்த்திசையில் ஜப்பான், சீனம் ஆகிய நாடுகளுக்கும் சென்றார். சீனத்தின்மீது ஜப்பான் தொடுத்த போர் 1937 முதல் நடந்துகொண்டிருந்தது. அந்நாட்டை நேரிற் கண்டு அவர் எழுதிய நூல் 1942 இல் வெளிவந்தது.

அந்நாளில் சீனத்தில் நிகழ்ந்ததொரு முயற்சியை நாம் இங்கே சிறிது விரித்துக் கூறுவோம். நூலொடு தொடர்புடைய நம்மவர்க்கு அது பெரிதும் இன்பம் பயக்கும். ஜப்பானியர் சீனத்துக் கடற்கரை நகரங்களைக் கைப்பற்றவே, ஷாங்காய் முதலிய இடங்களிலிருந்த ஆலைகள் அழிந்தன. தொழிலாளரும் குடியானவரும் மூட்டை முடிச்சுகளோடு மேற்கு நோக்கி ஓடினர். அவர்களுக்குக் கஞ்சி வார்க்கும் சத்திரங்கள் வைப்பதா, வேலை தருவதா என்ற கேள்வி எழுந்தது. 1938 ஆம் ஆண்டில் நியூசிலாந்துக்காரராகிய ரெவி ஆலி என்பவரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து தொழிற் கூட்டுறவுச் சங்கங்களைத் தோற்றுவித்தனர். அகதிகள் சிலர் கூடி ஒரு சங்கமாவர். ஒவ்வொருவரும் பங்குதாரர், ஒவ்வொருவர்க்கும் ஒரு வாக்கு. சிறு கடன் பெற்றுக் கருவிகள் வாங்குவர். குண்டு விழுந்தாலும் எளிதில் எடுத்துச் செல்லக்கூடிய சிறு பொறிகளையே வைத்துக்கொள்வர். துணி, காலணி, காகிதம், சவர்க்காரம் முதலிய பல பொருள்களை இச்சங்கங்கள் செய்தன.

இவற்றுள் மாதர்க்குப் பெரிதும் கைகொடுத்தது கம்பளித் தொழில். குளிரில் நடுங்கிய போர்வீரர்க்கு இலட்சக்கணக்கிற் கம்பளிகள் வேண்டியிருந்தன. வடமேற்குச் சீனத்தில் ஆட்டு மயிர் மலிவு. ஆயிரக்கணக்கான பெண்கள் ஆட்டு மயிரை வாங்கிச் சென்று இராட்டையில் நூற்றுக் கொடுத்துக் கூலி பெற்றனர். நூல் தறிக்குச் சென்று கம்பளியாயிற்று. நாட்டின் தேவையும் ஏழையின் தேவையும் ஒரே இராட்டையில் திரிந்து ஒரு நூலாயின என்க. நம் நாட்டில் 1925 இல் தோன்றிய அகில பாரத சர்க்கா சங்கம் பஞ்ச காலத்துப் பெண்களுக்குச் செய்ததும் இதனோடு ஒத்ததே. அச்சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்கு நம் திருப்பூரே தலைமை நிலையமாக விளங்கியதை முதியோர் வாயிலாக நாம் கேட்டிருக்கின்றோம்.

பிரிவினையும் அகதிகளும்

1947 ஆகஸ்டில் விடுதலை பிறந்தது; அதனுடன் பிரிவினையும் பிறந்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் எல்லை கடந்து இங்குமங்கும் ஓடினர். அக்டோபரில் காஷ்மீரத்தில் யுத்தமும் மூண்டு, 1949 ஜனவரி வரை நீடித்தது. மேற்குப் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புற மாகாணத்திலிருந்தும் இலட்சக்கணக்கானோர் டில்லியையும் அதன் சுற்றுப்புறங்களையும் வந்தடைந்தனர். பழங்கோட்டைகளிலும், பள்ளிக்கூடங்களிலும், கூடாரங்களிலும் அவர்கள் குடியேறினர். குருக்ஷேத்திரத்தில் எழுந்த முகாம் ஒரு பெரு நகரம் போல் பரந்து கிடந்தது.

முகாமில் அரசாங்கத்தார் உணவு அளந்தனர், போர்வை தந்தனர். இது செய்யாவிடில் மக்கள் மாண்டிருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மாதங்கள் பல கழிந்தும் வரிசையில் நின்று மாவு வாங்குவதே வாழ்வாய்விட்டால், நிற்பவர் உள்ளம் என்னாகும்? நேற்றுவரை தாமே பிறர்க்கு இட்டு உண்டவர் அவர். அவருள்ளும் கணவனையும் மைந்தரையும் இழந்த பெண்களின் நிலை சொல்லுந்தரத்ததன்று. பலர் அதற்கு முன் தம் வீட்டு வாசற்படியைத் தாண்டி வேலைக்குச் சென்றறியாதவர்.

ஸ்ரீமதி ராமேச்வரி நேரு அம்மையார் புனர்வாழ்வு மந்திரிச்சபையின் மாதர் பகுதியை ஏற்று நடத்தினார். கமலாதேவியார் வேறொரு வழியை மேற்கொண்டார். பதவியும் அரசியற் கட்சியும் அழைத்த காலத்தில் அவற்றை விடுத்து, 1948 ஆம் ஆண்டில் இந்தியக் கூட்டுறவு ஒன்றியம் என்னும் ஸ்தாபனத்தை நிறுவினார். அரசாங்கத்தின் கையை எதிர்பாராது அகதிகள் தாமே கூடித் தம் காலில் நிற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். டில்லிக்கு அருகே சத்தர்பூரில் அகதிகள் கூட்டுறவு முறையிற் பயிர்த்தொழில் தொடங்கினர். பின்னர் எல்லைப்புற மாகாணத்து அகதிகள் பல்லாயிரவர்க்காகப் பரீதாபாத் என்னும் புதுநகர் எழுந்தது. அங்கே கண்டிராக்டர்களை நீக்கி, அகதிகளே கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து தம் வீடுகளைத் தாமே கட்டினர். கொல்லும் கரணையும் பிடித்தறியாத வியாபாரிகளும் எழுத்தர்களும் சுவர் எழுப்பக் கற்றனர். சேவாக்கிராமத்து ஆதாரக் கல்வி முறையில் ஆசாதேவி ஆரியநாயகம் அம்மையார் அங்கே பள்ளிகளை அமைத்தார்.

ஊசி தந்த உணவு

மாதர்க்குத் தொழில் தேடியவர்களுள் மற்றுமொருவரை நாம் மறத்தல் ஆகாது. ஹங்கேரி தேசத்திற் பிறந்து, ஸ்ரீ பி. கே. நேரு அவர்களை மணந்து இந்தியப் பெண்மணியாகவே ஆகிவிட்ட போரி நேரு அம்மையார், அகதிப் பெண்களுக்கு வேலை தேடித் தரும் முயற்சியில் இறங்கினார். ஆஸ்திரிய நாட்டிற் பிறந்த கிட்டி சிவராவ் அம்மையாரும் துணை நின்றார். அம்மாதர்களின் கைவேலைகளை விற்க, அகதிகள் கைவினைக் கடை ஒன்று டில்லியில் தோன்றியது. இப்பெண்மணிகள் பின்னாளில் கமலாதேவியாரோடு சேர்ந்து உழைத்தனர்.

அகதிப் பெண்கள் கொணர்ந்த செல்வம் யாது? நகைகள் வழியிற் பறிபோயின. வீடும் நிலமும் அப்பாற் கிடந்தன. விரல்களில் மட்டும் ஒரு வித்தை இருந்தது. பஞ்சாபில் புல்காரி என்றொரு பூவேலை உண்டு. கையால் நூற்று நெய்த முரட்டுக் கதர்த் துணியைச் செங்காவி நிறமாகத் தோய்த்து, முறுக்கில்லாத பட்டிழையால் அதன்மேற் பூவும் கட்டமும் இழைப்பர். முன்னரே கோலம் வரைந்து கொள்வதில்லை. துணியின் பின்புறத்திலிருந்து, பாவும் ஊடுமாகிய இழைகளை விரலால் எண்ணி எண்ணி ஊசி செலுத்துவர். முன்புறத்தில் மலர் விரியும். ஓரிழை தவறினும் கோலம் கோணிவிடும். அடிநிலத் துணியே தெரியாவண்ணம் முழுதும் பட்டால் நிரப்புவதற்குப் பாக், அதாவது பூந்தோட்டம், என்று பெயர். தறியில் இழை எண்ணி அறிந்த நம் குலத்துத் தாய்மார்களுக்கு அவ்வுழைப்பின் அருமை சொல்லாமலே விளங்கும்.

அப்பூவேலை விலைக்கெனச் செய்யப்பட்டதன்று. பெண் பிறந்தவுடன் பாட்டி அவளது விவாகத்திற்கென ஊசி எடுப்பாள். ஆண்டுகள் பல கழிந்து அது முடியும். அத்தகைய கைத்திறனை வயிற்றுப்பாட்டிற்காக விற்க நேர்ந்தது துயரமே. ஆயினும் அத்துயரத்தினூடே ஒரு மாறுதல் நிகழ்ந்தது. இல்லத்தின் மூலையில் விளையாட்டுப் போல் எண்ணப்பட்ட ஊசிவேலைக்கு உலகில் விலையுண்டு என்பதை அப்பெண்கள் கண்டனர். கணவன் இல்லாத வீட்டில் அடுப்பெரிய அவ்வூசியே காரணமாயிற்று.

இவ்வேலை வெறும் நல்லெண்ணத்தால் நடப்பதன்று. துணியும் பட்டும் வாங்க முதல் வேண்டும். குழந்தையை விட்டு வர இயலாதவள் வீட்டிலிருந்தே செய்ய வழி வேண்டும். கூலி கைமேல் வர வேண்டும். நகரத்தார் விரும்பும் மேசை விரிப்பும் மெத்தையுறையும் எவ்வளவு நீள அகலம் என்று கூறுவார் வேண்டும். யாவற்றுக்கும் மேலாக விற்கும் இடம் வேண்டும். இரக்கத்தால் வாங்குபவர் ஒருமுறை வாங்குவர். பொருள் நன்றாயின் மறுமுறையும் வருவர். ஆதலின் வேலை செம்மையாயிருத்தலே அகதிப் பெண்ணுக்கு நிலையான காவல்.

இதனை நன்குணர்ந்த கமலாதேவியார் விற்பனையைத் தொழிலின் உயிர்நிலையாகக் கொண்டார். டில்லியில் அரசாங்கத்தார் தொடங்கிய குடிசைத்தொழிற் கடை தளர்ந்திருந்தது. 1952 இல் அதனை நடத்தும் பொறுப்பைக் கூட்டுறவு ஒன்றியம் ஏற்றது. அஃதே மத்திய குடிசைத்தொழில் எம்போரியம் என்று பின்னர்ப் பெரும்புகழ் பெற்றது.

குறைந்ததும் நிறைந்ததும்

சரித்திரம் எழுதுவோர் புகழ்ச்சி ஒன்றையே எழுதுதல் முறையன்று. பரீதாபாத்தில் அம்மையாரும் தோழரும் கண்ட கனவு முழுதும் நனவாகவில்லை. சில ஆண்டுகளில் நிர்வாகம் கைமாறியது. கூட்டுறவு முறை தளர்ந்தது. நகரம் தனியார் ஆலைகளால் வளர்ந்தது. அகதிகள் வீடும் ஊரும் பெற்றனர். தொழிலுக்குத் தாமே உடையவராகும் நிலை பலர்க்கு வாய்க்கவில்லை. தொழில் தருவது ஒன்று, தொழிலிற் பங்கு தருவது மற்றொன்று என்பதை இது நமக்கு உணர்த்துகின்றது.

ஆயினும் அம்முயற்சி வீண்போகவில்லை. 1952 இல் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் அமைக்கப்பட்டபோது அம்மையார் அதன் தலைவரானார். ஏறக்குறைய இருபதாண்டுகள் ஊர்தோறும் சென்று, மறைந்துபோகும் நிலையிலிருந்த கைத்தொழில்களைத் தேடியெடுத்தார். தொண்டை நாட்டின் எல்லையிலுள்ள காளத்தியில் கலங்காரி வேலை அருகிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே பயிற்சி நிலையம் தோன்றி அக்கலை மீண்டும் தழைத்தது. 1964 இல் தொடங்கப்பெற்ற இந்தியக் கைவினைக் குழுமத்திற்குச் சென்னையே தலைமை இடமாயிற்று. 1955 இல் பத்மபூஷண், 1966 இல் மக்சேசே பரிசு, 1987 இல் பத்மவிபூஷண் ஆகிய சிறப்புக்கள் அம்மையாரை அடைந்தன. 1988 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாள் பம்பாயில் அவர் பூதவுடல் நீத்தார்.

நாம் செய்யத்தக்கது

அன்பர்களே, தாய்மார்களே! இச்சரித்திரத்தைப் படித்து மகிழ்ந்து ஏட்டை மூடிவிடுதல் நமக்கு அழகன்று. அவிநாசி முதல் பல்லடம் வரை, சோமனூர் முதல் திருப்பூர் வரை, நம் நாட்டில் நூலும் துணியும் ஓடாத வீதியில்லை. வறட்சியாலும் வறுமையாலும் தென் மாவட்டங்களிலிருந்து வந்தவரும், ஒரிசா, பீகார், ஜார்க்கண்டு முதலிய தூரதேசங்களிலிருந்து வந்தவரும் இங்கே பனியன் கம்பெனிகளில் உழைக்கின்றனர். யுத்தத்தால் வந்த அகதிகளல்லர் அவர். ஆயினும் பிறந்த ஊரில் பிழைக்க வழியின்றி வந்தோரே. 2020 இல் கொள்ளை நோய்க் காலத்தில் வேலை நின்றபோது அவர்களிற் பலர் ஊர் திரும்பப் பட்ட பாட்டை நாம் கண்ணாரக் கண்டோம். பொட்டலச் சோறு கொடுத்தோம், நன்று. அதற்கு மேல் என் செய்தோம் என்று நம்மை நாமே வினவுதல் வேண்டும்.

நம் சமூகத்துக் கைம்பெண்களுக்குச் சங்க நிதியிலிருந்து உதவித்தொகை அளிக்கின்றோம். சில விழாக்களில் தையற்பொறியும் வழங்குகின்றோம். பொறியைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்ட பின்னர், அப்பொறிக்கு வேலை வந்ததா என்று கேட்டார் எத்தனை பேர்? துணியும் வேலையும் கிடையாமல் கட்டிலின் கீழே துருவேறிக் கிடக்கும் தையற்பொறிகள் நமக்குத் தெரிந்த இல்லங்களிலேயே உண்டு. நம்முள் கம்பெனி நடத்துவோர் பலர். ஜாப் ஒர்க் எடுப்போர் பலர். பிசிர் வெட்டுதல், காஜா எடுத்தல், பித்தான் வைத்தல் முதலிய வேலைகளில் ஒரு பகுதியை இவ்வில்லங்களுக்கு ஒழுங்காக அனுப்பவும், உருப்படிக்கு இன்ன கூலி என்று எழுதிக் கொடுக்கவும், சனிக்கிழமை தவறாது கணக்குத் தீர்க்கவும் அவர்களால் இயலும். பத்துப் பெண்கள் கூடிப் பங்கு சேர்த்துத் தமக்கென ஒரு சிறு கூட்டுறவுத் தொழிற்சாலை வைப்பராயின், முதற் கடனுக்கு நம் சங்கம் பிணை நிற்றலும் அரிதன்று. குலம் பார்த்து இதனை நிறுத்திக்கொள்ளாது, அடுத்த வீட்டில் குடியிருக்கும் வெளியூர்ப் பெண்ணையும் சேர்த்துக்கொள்ளுதலே கமலாதேவியார் காட்டிய நெறி.

கிரிஜாபாய் தமக்கு வந்த படிக்காசை மறுத்தார். அவர் மகள் பல்லாயிரவரைப் படிக்காசின் தேவையே இல்லாதவராக்க முயன்றார். தாய் தொடங்கியதை மகள் பெரிதாக்கினார். நம் இல்லத்துப் பெண்மக்களும் இச்சரித்திரத்தைப் படித்தறிந்து, ஊசி பிடிக்கும் கை ஊரையும் தாங்க வல்லது என்பதை உணர்வாராக. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இப்பொருள் ஆராயப்பட வேண்டும் என்பது எமது வேண்டுகோள்.